வளர்ச்சிப் பணியில் புகைப்படக் கலை

(தகவல், ஊரக வளர்ச்சித் துறைகளின் அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் பங்குகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்ற ஒருவரைப் புகைப்படக் கலையைப் பற்றிப் பேச அழைத்தது ஏன் என்ற ஐயம் உங்களில் சிலருக்கு எழலாம். புகைப்படம் ஒரு கலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரு தொழிலும் ஆகும். மூலப்பொருள், முதலீடு, உழைப்பு, சந்தை, அந்நியச் செலாவணி ஆகிய அனைத்தும் அதில் அடங்கியுள்ளன. இன்று அது அரசு நிர்வாகத்தின் ஒரு கருவியாகவும் ஆகிவிட்டது. ஓர் ஏழையின் வீட்டுக்கு அடுத்த தவணைப் பணம் வருவதும், ஒரு தொழிலாளிக்கு அன்றைய கூலி கணக்கில் ஏறுவதும் ஒரு படத்தைப் பொறுத்து அமையும் நிலை ஏற்பட்டுள்ளது. ஆகவே, இக்கலையின் நடைமுறை எவ்வாறு மாறி வந்துள்ளது, அந்த மாற்றம் நம் மீது என்ன பொறுப்பைச் சுமத்துகிறது என்பதைச் சுருக்கமாக ஆராய்வது பொருத்தமாகும் எனக் கருதுகிறேன்.

தொடக்கமும் அரசின் ஆர்வமும்

1839 ஆகஸ்டு 19-ஆம் நாள் பிரெஞ்சு அரசு டாகர் கண்டறிந்த முறையை உலகறிய வெளியிட்டது. அதற்கு ஈடாக டாகருக்கும், அவருடைய கூட்டாளியான நியெப்ஸின் மகனுக்கும் அரசு ஓய்வூதியம் வழங்கியது. ஒரு கண்டுபிடிப்பின் உரிமையை அரசே விலை கொடுத்து வாங்கிப் பொதுச் சொத்தாக்கிய அரிய நிகழ்ச்சி அது.

அடுத்த ஆண்டே இக்கலை கல்கத்தாவை எட்டிவிட்டது. 1854-இல் பம்பாயிலும், அதனைத் தொடர்ந்து 1856-இல் வங்காளத்திலும் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. சென்னைச் சங்கத்துக்கு ஊக்கமளித்த டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர், 1850-இல் கலைத் தொழிற்பள்ளி ஒன்றை அந்நகரில் நிறுவியவர். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட காப்டன் லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சை முதலிய இடங்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858-இல் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றாக இணைத்து நீண்ட சுருளாக அவர் உருவாக்கியது இன்றும் வியப்பூட்டும் சாதனையாகும்.

1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் நூல் வேறொரு போக்கைக் காட்டுகிறது. ஆளப்படும் மக்களை இனம் இனமாகப் பிரித்து அறிந்துகொள்ள விரும்பிய ஆட்சியின் நோக்கம் அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. இந்தியாவில் புகைப்படம் ஏறத்தாழத் தொடக்கத்திலிருந்தே நிர்வாகத்தோடு பிணைந்து வளர்ந்தது என்பதை இவ்விரு எடுத்துக்காட்டுகளும் உணர்த்தும்.

நம்மவர்களும் பின்தங்கிவிடவில்லை. ரூர்க்கியில் பொறியியல் கற்று, இந்தூரில் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய லாலா தீன் தயாள் (1844–1905), பின்னர் ஐதராபாத் நிஜாமின் அரசவைப் புகைப்படக் கலைஞரானார். செகந்தராபாதிலும் பம்பாயிலும் ஸ்டுடியோக்களை நடத்தினார். கோஷா முறையைக் கடைப்பிடித்த பெண்களுக்காக ஐதராபாதில் தனி ஸ்டுடியோ ஒன்றையும் அவர் ஏற்படுத்தினார். வாடிக்கையாளரின் தேவையை அறிந்து தொழிலை விரிவாக்கிய திறமைக்கு அது சான்று.

வெள்ளியும் இருட்டறையும்

ஏறத்தாழ 150 ஆண்டுகள் இத்தொழிலின் உயிர்நாடியாக விளங்கிய பொருள் வெள்ளி. வெள்ளி உப்புகளை ஜெலட்டினில் கலந்து கண்ணாடியின் மீதோ, செல்லுலோஸ் சுருளின் மீதோ பூசுவார்கள். ஒளி படும்போது கண்ணுக்குப் புலனாகாத உருவம் ஒன்று அதில் பதிகிறது. இரசாயனக் கரைசலில் கழுவும்போது அவ்வுருவம் கருமையாக வெளிப்படுகிறது. ஒளி படாத உப்புகளை ‘ஹைப்போ’ கரைத்து நீக்குகிறது. இதனால் கிடைப்பது நெகடிவ். அதிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

1888-இல் ஈஸ்ட்மன் தம் கோடக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது ஒரு முக்கியமான வேலைப் பிரிவினை நிகழ்ந்தது. படம் எடுப்பது ஒருவர் வேலை, கழுவிப் பிரிண்ட் போடுவது வேறொருவர் வேலை என்றாயிற்று. 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா, சட்டைப் பைக்குள் அடங்கும் அளவுக்குக் காமிராவைச் சிறிதாக்கியது. செய்திப் புகைப்படக் கலை அதனால் புத்துயிர் பெற்றது. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் காமிரா ‘ஆக்ஃபா கிளிக்-3’ என்னும் எளிய பெட்டிக் காமிரா ஆகும். ஒரு சுருளில் பன்னிரண்டே படங்கள். ஆகவே ஒவ்வொரு முறை ஷட்டரை அழுத்துமுன்பும் மக்கள் சிந்தித்தனர்.

ஸ்டுடியோத் தொழிலின் பொருளாதாரத்தையும் கவனிக்க வேண்டும். ஸ்டுடியோ உரிமையாளருக்கு வருமானம் மூன்று வழிகளில் வந்தது: படம் எடுப்பதற்கான கூலி, கழுவிப் பிரிண்ட் போடுவதற்கான கட்டணம், பின்னாளில் கேட்கப்படும் மறுபிரதிக்கான விலை. நெகடிவ் ஸ்டுடியோவிலேயே தங்கிவிட்டதால் அது ஒரு முதலீடாக விளங்கியது. பத்தாண்டுகள் கழித்து அக்குடும்பத்தில் ஒருவர் காலமானால், மாலையிட்டு மாட்டுவதற்குரிய படத்துக்கு அதே ஸ்டுடியோவைத்தான் நாடவேண்டும். காமிராக்காரர் மட்டுமன்றி, இருட்டறை உதவியாளர், நெகடிவில் பென்சிலால் ‘டச்சிங்’ செய்பவர், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் தீட்டுபவர், சட்டம் போடுபவர் எனப் பலர் இதனால் பிழைத்தனர்.

உதகையில் ஒரு பொதுத்துறை முயற்சி

விடுதலைக்குப் பின் திட்டமிடுவோர் முன் ஒரு கேள்வி எழுந்தது. மருத்துவமனைகளுக்கு எக்ஸ்-ரே படச்சுருள் வேண்டும். திரைப்படத் துறைக்கும் அச்சுத் தொழிலுக்கும் படச்சுருள் வேண்டும். இவை அனைத்தையும் அந்நியச் செலாவணி கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. இதற்கு விடையாக 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் உதகமண்டலத்தில் அமைக்கப்பட்டது. பிரெஞ்சு நிறுவனமொன்றின் தொழில்நுட்ப உதவியுடன் 1967-இல் உற்பத்தி தொடங்கியது.

உதகை தேர்ந்தெடுக்கப்பட்டதற்குத் தெளிவான காரணம் உண்டு. படச்சுருள் பூச்சில் ஒரு தூசு படிந்தாலும் அது படத்தில் புள்ளியாகத் தெரியும். வெப்பமும் ஈரமும் பூச்சைக் கெடுக்கும். தூய காற்றும் குளிர்ந்த தட்பவெப்பமும் கொண்ட மலை நகரம் இதற்கு ஏற்றதாக இருந்தது. உற்பத்தியின் பெரும் பகுதி இருட்டிலேயே நடைபெறவேண்டும். அத்தகைய நுட்பமான பணியை நீலகிரித் தொழிலாளர்கள் கற்றுத் தேர்ந்தனர். ‘இந்து’ என்ற பெயரில் வெளிவந்த படச்சுருளும் பிரிண்ட் தாளும் எக்ஸ்-ரே பிலிமும் நாடெங்கும் பயன்பட்டன. ஒரு தலைமுறைப் புகைப்படக் கலைஞர்கள் அவற்றில் தொழில் பழகினர்.

எனினும், உலகச் சந்தை வண்ணப் படத்துக்கு மாறியபோது இந்நிறுவனத்தின் வலிமை கறுப்பு வெள்ளையிலேயே தங்கியிருந்தது. பாலியெஸ்டர் அடிப்படையிலான படச்சுருளைத் தயாரிக்கும் பெருந்திட்டம் கடன் சுமையைக் கூட்டியது. 1991-க்குப் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டுச் சுங்க வரி குறைந்தபோது போட்டியைச் சமாளிக்க இயலவில்லை. 1996-இல் அது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. 2014-இல் ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு அளிக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் வழங்கியதுடன் அந்த அத்தியாயம் முடிவுக்கு வந்தது.

இதைப் பொதுத்துறையின் தோல்வி என்று மட்டும் கூறி விட்டுவிடுவது சரியாகாது. உலகின் மிகப் பெரிய படச்சுருள் நிறுவனமாக விளங்கிய கோடக்கும் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை அணுகியது. இரண்டுக்கும் காரணங்கள் வேறுபடலாம். ஆனால் இரண்டின் காலடியிலிருந்தும் நிலம் நழுவியது ஒரே மாற்றத்தினால்தான்.

வெள்ளியிலிருந்து எண்களுக்கு

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் ஆகிய இருவரும் ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேகரிக்கும் சாதனத்தை உருவாக்கினர். அதற்காக அவர்களுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1975-இல் கோடக்கின் ஆய்வுக்கூடத்திலேயே ஸ்டீவன் சாசன் என்னும் இளம் பொறியாளர் முதல் மின்னணுக் காமிராவைச் செய்துகாட்டினார். பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிக்க அதற்கு 23 விநாடிகள் தேவைப்பட்டன. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் குடியேறியுள்ளது.

பொருளாதார மொழியில் கூறினால், ஒரு படத்தின் இறுதிநிலைச் செலவு ஏறக்குறைய சுழியாகிவிட்டது. பன்னிரண்டு படங்களை எண்ணி எண்ணி எடுத்த காலம் போய், பன்னிரண்டு விநாடியில் நூறு படம் எடுக்கும் காலம் வந்துள்ளது. பற்றாக்குறை நீங்கியதும் திறமையின் இடமும் மாறியது. முன்பு ஒளியைக் கணித்து ஒரே முறையில் சரியாக எடுப்பது திறமை. இன்று அந்தக் கணக்கைக் கருவியே போட்டுவிடுகிறது. பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து அவற்றை ஒன்றிணைத்து ஒரே படமாகவும் தருகிறது. ஆகவே, எடுத்தவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது, வைத்ததை எவ்வாறு பாதுகாப்பது என்பதே இன்றைய திறமையாகும்.

ஸ்டுடியோக்காரரின் மூன்று வருமானங்களில் இரண்டு இம்மாற்றத்தால் மறைந்தன. கழுவும் கட்டணம் இல்லை. நெகடிவ் இல்லாததால் மறுபிரதி வருமானமும் இல்லை. வாடிக்கையாளர் எல்லாப் படங்களையும் ஒரு பென் டிரைவில் பெற்றுச் சென்றுவிடுகிறார். அரசின் தேவையும் இவ்வாறே கூடிக் குறைந்தது. 1993-இல் தேர்தல் ஆணையம் வாக்காளர் புகைப்பட அடையாள அட்டைக்கு ஆணையிட்டபோது சிற்றூர்கள்வரை புகைப்படக்காரர்களுக்கு வேலை கிடைத்தது. 2010-இல் தொடங்கிய ஆதார் பதிவிலோ, பதிவு மையத்திலேயே கணினியுடன் இணைந்த காமிரா படத்தை எடுத்துக்கொண்டது. பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் அவ்வாறே. தொழிலில் நிலைத்தவர்கள் திருமண ஆல்பம், வீடியோ, டிரோன் படப்பிடிப்பு ஆகியவற்றுக்கு மாறினர். அதற்குரிய முதலீட்டைத் திரட்ட இயலாதவர்கள் கடையை மூடி வேறு தொழில்களுக்குச் சென்றனர். தொழில்நுட்ப மாற்றத்தின் பயனைக் கணக்கிடுவோர் அதன் இழப்பையும் கணக்கில் எழுத வேண்டும்.

சான்றாகப் புகைப்படம்

இங்கு கூடியுள்ள அலுவலர்களுக்கு மிகவும் நெருங்கிய பகுதிக்கு இப்போது வருகிறேன். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டத்தில், பயனாளி முன்பு வசித்த இடமும், கட்டப்படும் வீட்டின் ஒவ்வொரு நிலையும் இடக்குறியீட்டுடன் படமெடுக்கப்பட்டுப் பதிவேற்றப்படுகின்றன. தவணை விடுவிப்பு அதனோடு பிணைக்கப்பட்டுள்ளது. மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2021-இல் அறிமுகமான கைப்பேசிச் செயலியின் வழியே வருகைப் பதிவு தொடங்கியது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகள் நீங்கலாக, எல்லாப் பணியிடங்களிலும் நாளுக்கு இரு முறை நேரமும் இடமும் குறித்த படத்துடன் வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது.

இதன் நோக்கம் நியாயமானது. இல்லாத தொழிலாளர் பெயரில் கூலி பெறுவதைத் தடுக்க வேண்டும். கட்டாத வீட்டுக்குப் பணம் போகக்கூடாது. ஆனால் நடைமுறையில் இரண்டு குறைகள் தோன்றின. முதலாவது, கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத இடத்தில் படம் ஏறவில்லையென்றால், நாள் முழுதும் மண் சுமந்தவரின் உழைப்பு கணக்கில் ஏறாமல் போகும் அபாயம். இரண்டாவது, ஏமாற்ற நினைப்போர் படத்தையும் ஏமாற்றக் கற்றுக்கொண்டனர். தொடர்பில்லாத படங்கள் பதிவேற்றப்படுவதையும், ஏற்கெனவே எடுத்த படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுவதையும் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் மாநிலங்களுக்கு எழுதிச் சுட்டிக்காட்ட நேர்ந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? ஒரு குறிப்பிட்ட கணத்தில் லென்ஸின் முன் என்ன இருந்தது என்பதை மட்டுமே புகைப்படம் கூறும். வாய்க்கால் எவ்வளவு ஆழம் வெட்டப்பட்டது, சுவரில் சிமெண்டு போதிய அளவு சேர்ந்ததா, அதில் நிற்பவர் மாலைவரை வேலை செய்தாரா என்பவற்றை அது கூறாது. அளவுப் புத்தகமும், நேரடி ஆய்வும், கிராம சபையின் சமூகத் தணிக்கையும் கூறவேண்டியவை அவை. படம் அவற்றுக்குத் துணையாகலாம். அவற்றின் இடத்தைப் பிடிக்கலாகாது. இன்று சொற்களைக் கொடுத்தாலே கணினி முற்றிலும் கற்பனையான படத்தை உண்மைபோல் ஆக்கித் தரும் நிலை வந்துவிட்டதால் இந்த எச்சரிக்கை மேலும் அவசியமாகிறது.

சட்டமும் இதைக் கருத்தில் கொண்டுள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கும்போது உரிய சான்றிதழும் உடன் இருக்க வேண்டும் என்கிறது. முந்தைய சட்டத்தின் 65-பி பிரிவும் அத்தகையதே. மூலப் படம் எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது, எவர் பொறுப்பில் இருந்தது என்பதை அலுவலகம் குறித்து வைத்திருந்தாலன்றி அச்சான்றிதழை நேர்மையாக அளிக்க முடியாது.

அளவீட்டுக் கருவியாகவும் புகைப்படம் சிறந்த பயன் தருகிறது. 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கப்பட்ட ‘ஸ்வாமித்வா’ திட்டத்தில், கிராமக் குடியிருப்புப் பகுதிகளை இந்திய நில அளவைத் துறை டிரோன் மூலம் படமெடுக்கிறது. அந்தப் படங்களிலிருந்து வரைபடம் உருவாகி, வீட்டு உரிமையாளருக்குச் சொத்து அட்டை கிடைக்கிறது. ஆனால் இங்கும் வரைபடத்தை மக்களிடம் காட்டி, ஆட்சேபம் கேட்டு, திருத்திய பிறகே அட்டை வழங்கப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. படத்தையும் மக்களின் வாய்மொழியையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் இம்முறையே ஏற்றது.

படத்தில் இருப்பவரின் மதிப்பு

தாது வருடப் பஞ்சம் எனத் தமிழ் மக்கள் நினைவில் நிற்கும் 1876–78 பஞ்சத்தின்போது, சென்னை மாகாணத்தில் ஹூப்பர் என்னும் படை அதிகாரி, எலும்பும் தோலுமான மக்களை வரிசையாக அமர்த்திப் படமெடுத்தார். பஞ்சத்தின் கொடுமையை உலகுக்குக் காட்டிய அப்படங்கள், படமெடுத்தவரின் மனிதத்தன்மையைப் பற்றிய கண்டனத்தையும் எழுப்பின. 1943 வங்கப் பஞ்சத்தைப் படமெடுத்த சுனில் ஜானாவின் படங்களும் உலகின் மனச்சாட்சியை உலுக்கின. பின்னர் அதே கலைஞர் புதிய இந்தியாவின் தொழிற்சாலைகளையும் பழங்குடி மக்களின் வாழ்வையும் பதிவு செய்தார். நாட்டின் முதல் பெண் செய்திப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா (1913–2012), விடுதலைக் காலத் தலைவர்களை அருகிலிருந்து படமெடுத்தும் அவர்களின் கண்ணியம் குலையாமல் பார்த்துக்கொண்டார். 2011-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

உதவி பெறுபவரைப் படமெடுக்கும் அலுவலர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். அரிசிப் பையையோ தையல் எந்திரத்தையோ கையில் கொடுத்து, அதிகாரிகள் சூழ நிறுத்தி எடுக்கப்படும் படத்தில் பயனாளியின் முகம் பெரும்பாலும் தலைகுனிந்தே காணப்படும். அதே பெண்மணி ஆறு மாதம் கழித்துத் தம் வீட்டில் அந்த எந்திரத்தில் தைத்துக்கொண்டிருக்கும் படமே திட்டத்தின் பயனைக் காட்டும். அவருடைய இசைவைக் கேட்டுப் பெறுவது நற்பண்பு மட்டுமன்று. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காட்டும் திசையும் அதுவே. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் தெரியும் படங்களை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடைசெய்கிறது என்பதையும் மறத்தலாகாது.

காப்பது யார்?

கல்கத்தாவின் புகழ்பெற்ற போர்ன் அண்டு ஷெப்பர்டு ஸ்டுடியோவில் 1991-இல் தீப்பிடித்தபோது விலைமதிப்பற்ற நெகடிவ்கள் அழிந்தன. 2016-இல் அந்த ஸ்டுடியோவும் மூடப்பட்டது. பெரிய நிறுவனத்தின் கதியே இதுவாயின், சிற்றூர் ஸ்டுடியோக்களின் நெகடிவ் பெட்டிகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ம வடிவில் பாதுகாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது பாராட்டுக்குரியது. அரசு அலுவலகங்களிலும் அணை கட்டியபோது, பள்ளி திறந்தபோது எடுத்த படங்கள் பீரோக்களில் உறங்குகின்றன. அசிடேட் நெகடிவ் பெட்டியைத் திறக்கும்போது காடி நெடி வீசினால், அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனடியாகப் பிரித்துக் குளிர்ந்த, உலர்ந்த இடத்துக்கு மாற்றிப் பிரதி எடுக்க வேண்டும்.

எண்மப் படம் அழியாது என்பதும் தவறான நம்பிக்கை. வன்தட்டு பழுதாகும், கைப்பேசி தொலையும். ஆகவே நடைமுறைக்கு ஏற்ற சில யோசனைகளைக் கூறுகிறேன்.

முதலாவது, படமெடுத்த அன்றே குறிப்பு எழுத வேண்டும்: எந்த ஊர், எந்த நாள், என்ன பணி, படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் யார். குறிப்பில்லாத படம் பத்தாண்டில் எவருக்கும் பயன்படாத தாளாகிவிடும்.

இரண்டாவது, மூலக் கோப்பை அப்படியே பாதுகாக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படுகிறது. நாள், இடம் முதலிய உள்விவரங்களும் நீங்கிவிடுகின்றன. விரைவுக்கு அது பயன்படலாம், ஆவணத்துக்கு ஆகாது.

மூன்றாவது, மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு கட்டடத்தில் என்ற விதியைப் பின்பற்ற வேண்டும்.

நான்காவது, பணி தொடங்குமுன்பும் முடிந்த பின்பும் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் படமெடுக்க வேண்டும். அளவு விளங்க அருகில் ஓர் அளவுகோலை வைக்க வேண்டும்.

ஐந்தாவது, உரிமையைத் தெளிவாக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கூலி கொடுத்து எடுக்கச் செய்த படத்தின் முதல் உரிமை எடுக்கச் செய்தவருக்கே உரியது. புகைப்படத்துக்கு முன்பு வெளியீட்டிலிருந்து கணக்கிட்ட பாதுகாப்புக் காலம், 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பிற படைப்புகளைப் போல ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் என்றாயிற்று. உரிமை அலுவலகத்துடையதாயினும் கலைஞரின் பெயரைக் குறிப்பிடுவது நம் கடமை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மூடும் நிலையிலுள்ள ஸ்டுடியோ ஒன்றேனும் இருக்கும். அதன் உரிமையாளரை அணுகி, பழைய நெகடிவ்களில் யார் யார் உள்ளனர், எந்த ஆண்டு என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்த விவரம் இன்று அவருடைய நினைவில் மட்டுமே உள்ளது. உடையும், தெருவும், திருமணமும், பள்ளியும் மாறிய வரலாறு அந்தப் பெட்டிகளுக்குள் அடங்கியிருக்கிறது. வீட்டுச் செலவுக் கணக்கெடுப்புகளிலும் கிடைக்காத சமூக வரலாறு அது.

அலுவலர்களுக்கு நான் கூற விரும்புவது இதுவே: கோப்பில் சேர்க்கும் ஒவ்வொரு படத்தின் பின்னும் ஒரு குடும்பத்தின் கூலியோ கூரையோ இருக்கிறது. அதைப் பார்க்கவேண்டிய அளவுக்கு நின்று பார்த்த பிறகே ஒப்பமிடுங்கள்.